தம்பி எடுத்த வாக்குத்தத்தம்

ஜனவரி 1

தூக்கம் வராததால் எழுதுகிறேன். இதற்குத் தம்பி காரணமில்லை. பிறந்ததிலிருந்து இன்றுதான் ஒழுங்காகத் தூங்குகிறான். அதுதான் பயமாக இருக்கிறது. மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், பார்த்தது போன நிமிடம்தானே, இந்த நிமிடம் எப்படி என்று தோன்றுகிறது.

தம்பி என்றால் என் மகன். இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, அதனால் பெயரும் இல்லை. அம்மா வீட்டில் நாற்பது நாள் இருந்துவிட்டு, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு, மாமியார் வீட்டுக்கு வந்தேன்.

நேற்று இரவு வருடப்பிறப்பு ஆராதனை. மணி பன்னிரண்டு அடித்ததும் எங்கள் கோவிலில் பெரிய பித்தளைத் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் குவித்து வைப்பார்கள். வரிசையாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் இருக்கிறதோ அதுதான் அந்த ஆண்டுக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது. பிடிக்கவில்லை என்று மாற்றி எடுக்கக் கூடாது.

என் கணவர் ராபின்சனுக்குப் போக்கும் வரவும் காக்கப்படும் என்று வந்தது. தூத்துக்குடிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். சீசன் டிக்கெட் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். எனக்கு, பிள்ளை பெறாத மலடிக்குச் சொன்ன ஆறுதல் வந்தது. ஏழு வாரப் பிள்ளை என் தோளில் கக்கிக்கொண்டிருந்தது.

தம்பிக்கும் ஒன்று எடுக்க வேண்டும் என்றார் அத்தை, என் மாமியார். அவன் கையைப் பிடித்துத் தட்டுக்குள் வைத்தேன். ஒரு அட்டையைப் பிடித்தான், விடவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோ வெளிச்சத்தில் விரலைப் பிரித்து வாசித்தேன்.

வேதத்தில் எசேக்கியா ராஜாவுக்குச் சொன்ன வாக்கு. அவருடைய நாட்களோடு இன்னும் பதினைந்து வருடம் கூட்டித் தரப்படும்.

பதினைந்து.

"என்ன வந்திருக்கு தம்பிக்கு?" என்றார் அத்தை.

"ஏதோ ஆசீர்வாதந்தான் அத்தை" என்று சொல்லி, டயபர் பைக்குள் அட்டையைச் சொருகிவிட்டேன்.

ஜனவரி 2

ராபின்சனிடம் மட்டும் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"கூட்டுவேன்னுதானே இருக்கு. கழிப்பேன்னு இல்லியே."

"எதோட கூட்டுறது?"

"எண்பதோட கூட்டு. தொண்ணூத்தஞ்சு. பேரன் பேத்தியெல்லாம் எடுத்துட்டுப் போட்டும்."

"எண்பதுன்னு யாரு சொன்னா? அது x. x சுழியமாக்கூட இருக்கலாம்லா."

"ஒங்கப்பா ஒன்ன பி.எஸ்சி. கணக்கு படிக்க வச்சிருக்கக் கூடாது எப்சி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மதியம் அத்தை சாப்பிடவில்லை. வாயுக்கோளாறாம். இந்த வீட்டில் வாயுக்கோளாறு வருகிற அளவுக்குக் கிழங்கு எதுவும் சமைக்கவில்லை.

ஜனவரி 5

தம்பி தூங்கும்போது எசேக்கியாவின் கதையை முழுவதும் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

நல்ல ராஜா. அப்பா காலத்தில் பூட்டிப் போட்டிருந்த ஆலயத்தைத் திறந்து, துப்புரவாக்கி, ஆராதனையை மறுபடி தொடங்கி வைத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு கட்டி வருகிறது. ஏசாயா தீர்க்கதரிசி வந்து நலம்கூட விசாரிக்காமல், வீட்டுக்காரியங்களை ஒழுங்கு பண்ணும், நீர் பிழைக்க மாட்டீர் என்கிறார். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படிப் பேசுகிற டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுகிறார். ஏசாயா அரண்மனை முற்றத்தைத் தாண்டுவதற்குள் ஆண்டவர் மனம் மாறி, திரும்பிப் போ, பதினைந்து வருடம் தருகிறேன் என்று சொல் என்கிறார். கட்டி மேல் அத்திப்பழப் பற்று போடுகிறார்கள். ராஜாவுக்கு நம்பிக்கை வரவில்லை, அடையாளம் கேட்கிறார். படிக்கட்டில் விழுந்த நிழல் பத்துப் படி பின்னால் போகிறது.

இதோடு மூடி வைத்திருக்கலாம். ராஜாவின் மனைவி பெயர் என்ன என்று தேடினேன்.

எப்சிபாள்.

என் பெயர் எப்சிபா. ஆசையாக வைத்த பெயர் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த எப்சிபாள் பெற்ற பிள்ளைதான் ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தைக் கொண்டுவந்து நட்ட மகா மோசமான ராஜாவாம். அதையும் சேர்த்துக் கவலைப்பட இன்றைக்கு எனக்குச் சக்தியில்லை.

பாத்திரம் கழுவினேன். தம்பியின் துணி ஊற வைத்தேன்.

ஜனவரி 7

பதினைந்து வயது என்றால் பத்தாம் வகுப்பு. பரீட்சை எழுதி முடித்துவிடுவான், முடிவு வருமா என்று தெரியாது. இதை ராபின்சனிடம் சொன்னேன். "நாம ஒரு டாக்டர்கிட்டப் பேசிப் பாப்போமா?" என்றார். தம்பிக்கு இப்போது ஒன்றுமில்லையே என்றேன். அவர் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 9

கட்டி.

குளிப்பாட்டும்போது பார்த்தேன். இடது தோளுக்குக் கீழே, மிளகு அளவில், சிவப்பாக. நுனியில் வெள்ளை. அத்தை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் பார்த்திருப்பார். சொம்பைக் கீழே போட்டுவிட்டார், அவ்வளவுதான். "கை வழுக்கிட்டு" என்றார்.

நான் முழுக்கைச் சட்டை எடுத்துப் போட்டேன். "இந்த வெயிலுக்கு முழுக்கையா?" என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. அவரே மேல் பொத்தானைப் போட்டுவிட்டார்.

இன்றும் அவருக்கு வாயுக்கோளாறு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருகிற வாயு என்று ஒன்று உண்டா?

வேதத்தை எடுத்தால் எசேக்கியா பக்கத்திலேயே திறந்தது. நான்தான் பக்கம் குறிக்கும் நாடாவை அங்கே வைத்துவிட்டு மறந்திருப்பேன்.

ஜனவரி 11

ஞாயிறு. பம்பாயிலிருந்து பெரியத்தையும் பெரியமாமாவும் தம்பியைப் பார்க்க வந்தார்கள். பெரியத்தை என்பது அத்தையின் அக்கா. தாராவியில் கடை வைத்து நன்றாக இருக்கிறார்கள். வந்து உட்கார்ந்ததும், "பிள்ளைக்கு யாரு யாரு என்னென்ன போட்டாங்க? கொண்டா பாப்போம்" என்றார் பெரியத்தை.

வேறு நாளாக இருந்தால் பீரோவைத் திறந்து அரைஞாண், தண்டை, வெள்ளி டம்ளர் எல்லாவற்றையும் பாயில் பரப்பியிருப்பேன். ஆனால் நேற்றுத்தான் கதையின் மிச்சத்தைப் படித்தேன். ராஜா பிழைத்த செய்தி கேட்டு தூரதேசமான பாபிலோனிலிருந்து ஆட்கள் நலம் விசாரிக்க வருகிறார்கள். அந்த மனிதர் உச்சி குளிர்ந்து, பொக்கிஷ அறை முழுவதையும் திறந்து காட்டுகிறார். உடனே ஏசாயா வந்துவிடுகிறார்: காட்டியது அத்தனையும் அவர்கள் ஊருக்குப் போகும், உம் பிள்ளைகளும் போவார்கள்.

"சாவியைக் காணோம் பெரியத்தை" என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

"சாவியைக் காணோமா? பிள்ளை பெத்தவ வீட்டுல பீரோ சாவியைக் காணோமாம். நாங்க என்ன கொள்ளையடிக்கவா பம்பாயில இருந்து ரயிலேறி வந்தோம்?"

பாபிலோன்காரர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இனி அத்தை என் மேல் கொதிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ, "ஆமாக்கா, மூணு நாளா நானும் தேடுதேன். அரிசிப் பானைக்குள்ளகூடப் பாத்துட்டேன்" என்றார்.

என் அத்தை பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. பெண்கள் சங்கத்துக்குத் தலைவி.

பெரியமாமாவுக்குக் கோபமே வராது. "சாவி கெடக்கட்டும். இந்தா, பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் ஊறும்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்தேன்.

உலர்ந்த அத்திப்பழம். நாரில் கோத்து, மாலை மாதிரி.

ராஜாவின் கட்டிக்குப் போட்ட அதே பழம்.

ஜனவரி 12

பற்று போடும் முறை வேதத்தில் விவரமாக இல்லை. எத்தனை பழம், வெந்நீரா பச்சைத் தண்ணீரா, ஒன்றும் கிடையாது. வெந்நீரில் ஊறவைத்து, இஞ்சி தட்டுகிற கல்லில் நசுக்கி, கட்டி மேல் வைத்து, மேலே மெல்லிய துணி சுற்றி முழுக்கைச் சட்டை போட்டுவிட்டேன். அத்தை மாடியில் இருந்தார். மிஞ்சியதை நானே தின்றேன். ரத்தம் ஊறட்டும்.

ஜனவரி 13

தம்பி வீல் என்று அலறினான். ஓடிப் போய்ப் பார்த்தால் தொட்டில் கயிற்றில் எறும்பு, கோவில் பவனி மாதிரி வரிசை கலையாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. தட்டி, உதறி, குளிப்பாட்டி, நானும் அழுது முடிக்க அரை நாள் போனது.

"இந்த வீட்டுல எறும்பே கெடையாதே" என்றார் ராபின்சன். லீவு போட்டிருந்தார். கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றினார்.

"பால் வாசத்துக்கு வந்திருக்கும்" என்றேன் நான்.

அத்தை பதில் சொல்லாமல் தம்பியின் சட்டையை அவசரமாகக் கொண்டுபோய்த் துவைத்தார். தோள் பக்கம் எண்ணெய்க் கறை இருந்தது. தலைக்கு வைத்தது வழிந்திருக்கும்.

கட்டி பெரிதாகிவிட்டது. புதுப் பற்று போட்டேன். இந்த முறை துணியை இறுக்கமாக.

ஜனவரி 14

அடையாளம் கேட்பதென்று முடிவு செய்தேன். ராஜாவே கேட்டார், நான் கேட்டால் என்ன.

எங்கள் மாடிப்படி வெளிப்பக்கம். சாயங்காலம் அதில் நிழல் மெதுவாக மேலேறும். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நின்றேன். ஆண்டவரே, பத்துப் படி வேண்டாம், எங்கள் படிக்கட்டே சிறியது, உமக்கு வசதியான அளவு பின்னால் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

நிழல் பின்னால் போனது.

மெய்யாகவே. மேல் படிகளை மூடியிருந்த நிழல் சரசரவென்று சுருண்டு போய், படியெல்லாம் பளிச்சென்று வெயில். அப்படியே மண்டியிட்டுவிட்டேன்.

"எப்சி, கீழ என்ன தேடுத? பெட்சீட்டு காஞ்சிட்டு, எடுத்துட்டேன். கிளிப்பு எதும் விழுந்திருக்கா?" மாடியிலிருந்து ராபின்சன் எட்டிப் பார்த்தார்.

விழவில்லை என்றேன்.

ஜனவரி 15

பொங்கல். எந்தக் கிளினிக்கும் திறந்திருக்காது.

அடையாளமும் இல்லை, பற்றும் கேட்கவில்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான். மதியம் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். ராஜா சத்தம் போட்டு அழுதிருக்க வேண்டும். எனக்குச் சத்தம் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், மூக்குத்தான் ஒழுகும்.

ராபின்சன் வந்து, "என் மேல கோவமா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் அந்தப் பக்கம் திரும்பிக் கெடக்க?" இந்தப் பக்கம் திரும்பினால் ஜெபம் ஆகாது என்றேன். அவர் வெளியே போய் அத்தையிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். அத்தையின் பதில் மட்டும் கேட்டது: "நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறேன். நீ வேலைக்குப் போ."

ஜனவரி 16

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழந்தைகள் டாக்டர் வயதான அம்மாள். முழுக்கைச் சட்டையைக் கழற்றினார். துணியை அவிழ்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார்.

"இது என்ன, விதை விதையா?"

டாக்டர் பஞ்சால் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேல எண்ணெய். அதுக்குக் கீழ ஏதோ பழம். அதுக்குக் கீழ மறுபடியும் எண்ணெய். பிள்ளைய என்ன ஊறுகாயா போட்டு வச்சிருக்கீங்க?"

"அத்திப்பழம் டாக்டர்" என்றேன். "எண்ணெய் நான் போடல."

பக்கத்தில் அத்தை தொண்டையைச் செருமினார். "எண்ணெய் நான்தான். ஜெபவீட்டுல மந்திரிச்… ஜெபிச்சுக் குடுத்தது." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அத்திப்பழமா போட்ட?"

"ம்."

"அப்ப நீயும் படிச்சியா?"

"நீங்க எப்ப படிச்சீங்க?"

"டயபர் எடுக்கும்போது அட்டை கீழ விழுந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே படிச்சேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை வாயு?"

"உபவாசம். ஒனக்குத் தெரிஞ்சா பயந்துருவன்னு சொல்லல." அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நாடாவை அந்தப் பக்கத்துலயே வச்சிருந்தேன். நீ பாத்துருவியோன்னு ஒவ்வொரு நாளும் பயந்துட்டே இருந்தேன்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது எனக்கும் சொன்னா நல்லாருக்கும்" என்றார். நான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, தம்பியின் தோளைச் சுத்தமாகத் துடைத்தார்.

"பிறந்த அன்னிக்குக் காசநோய்க்கு ஊசி போட்டிருப்பாங்க. போட்ட இடத்துல ஆறு, எட்டு வாரத்துல இப்படி வீங்கி, சீழ் வச்சு, தானா ஆறும். தழும்பு நிக்கும். என் தோள்ல இருக்கு. உங்க தோள்லயும் இருக்கும், பாருங்க."

அத்தையும் நானும் அவரவர் தோளைத் தடவிக்கொண்டோம். இருந்தது.

"மேல எதுவும் போடாதீங்க. பழமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்." அப்புறம் என்னைத் தனியாக உட்கார வைத்து, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், சும்மா இருக்கும்போதே அழுகை வருகிறதா என்றெல்லாம் கேட்டார். தம்பிக்குத்தானே பார்க்க வந்தோம் என்று நினைத்தேன், ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த வாரம் தம்பி இல்லாமல் என்னை மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும் அத்தை, "கட்டி சரி. அட்டை?" என்றார்.

ஆமாம். அட்டை அப்படியேதான் இருக்கிறது.

ஜனவரி 17

பாஸ்டர் வீட்டுக்குப் போனோம். இளவயதுக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஷட்டில் மட்டையுடன் கிளம்பிக்கொண்டிருந்தவரை அத்தை வாசலிலேயே மடக்கி உட்கார வைத்தார். அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கைப்பிள்ளை எடுக்கிற தட்டுல இதை யாரு போட்டது?"

பாஸ்டர் வாசித்தார். முகம் மாறியது. "கட்டா வாங்குறதும்மா. யாரும் பிரிச்சு வாசிக்கிறதில்ல." பிறகு சமாளித்துக்கொண்டு, "இது பயப்படுறதுக்குச் சொன்ன வார்த்தை இல்ல. சாவுன்னு கேட்டவருக்கு வாழ்வுன்னு சொன்னது. ராஜாவுக்கு அப்ப வயசு முப்பத்தொன்பது."

"அதோட பதினஞ்சு, அம்பத்துநாலு" என்றேன்.

"அம்பத்துநாலா?" என்றார் அத்தை. "ரிட்டயர்மெண்டுகூட ஆகாதே."

பாஸ்டர் எழுந்து உள்ளே போய் அந்தப் பித்தளைத் தட்டையே கொண்டுவந்தார். மிச்ச அட்டைகள் கிடந்தன. "மாத்தி எடுக்குறது வழக்கமில்ல. ஆனா நீங்க இவ்வளவு கஷ்டப்படுறீங்க. தம்பி கையால இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

தம்பியின் கையை நீட்டினேன். அத்தை அதைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறு. மாத்தி எடுத்தா இது போயிரும்லா?"

"போகணும்னுதானே அத்தை வந்தோம்."

"இதுல ஒரு நல்லதும் இருக்கு எப்சி. பதினஞ்சு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கையெழுத்துப் போட்ட மாதிரிதானே? காய்ச்சல் வரட்டும், மாடிப்படியில விழட்டும், என்ன ஆயிரும்? நீ ராத்திரியெல்லாம் மூக்குல விரல வச்சுட்டு உக்காந்திருக்க வேண்டாம். தூங்கலாம். இதைக் குடுத்துட்டு, மரம் மாதிரி வளருவான்னு ஒண்ண எடுத்துட்டுப் போனா, மரத்தை எப்ப வெட்டுவாங்கன்னு நீ ஒக்காந்து கணக்குப் போடுவ."

போடுவேன். உண்மைதான்.

பாஸ்டர் ஏதோ வேத விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அத்தையைப் பார்த்துவிட்டு ஷட்டில் மட்டையை எடுத்துக்கொண்டார்.

அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். தம்பி அத்தையின் மடியில் கொட்டாவி விட்டான். முருகன்குறிச்சி தாண்டும் வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"பதினஞ்சு முடிஞ்ச பெறகு அத்தை?"

"முடிஞ்ச பெறகு என்ன? அந்த ராஜா ஒரு தரம் அழுதாரு. உடனே ஆண்டவர் குடுத்தாரு. ராஜா ரெண்டாந்தரம் கேக்கல, அது அவரு தப்பு. நாம போய்க் கேப்போம். செவத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்து அழுவோம்."

பதினைந்து வருடம் கழித்து அத்தைக்கு எழுபத்தெட்டு. கணக்கு தானாக வந்துவிடுகிறது, என்ன செய்ய. "நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டேன்.

"வராம? நீ அழுவுறத அன்னைக்குக் கதவோரம் நின்னு கேட்டேன். கொசு மாதிரி. அதை நம்பி எம் பேரனை விட முடியாது."